உப்புக்கும் வேண்டும் மானியம்

1990-ல் இந்தியாவில் நிகழ்ந்த மரணங்களில் இதய, ரத்தநாள நோய்களின் பங்கு 15.2 சதவீதம். 2016-ல் அது 28.1 சதவீதம். தொற்றுநோய்கள் குறைந்து ஆயுள் கூடியதால் வந்த கணக்குதானே என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால், ஆயுள் நம்மைவிடக் கூடிய அமெரிக்காவில், வயது வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், இதய நோய் மரண விகிதம் 1960-களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து இறங்கியது. 1980 முதல் 2000 வரையிலான சரிவை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறையப் பாதிக்குச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவை குறைந்ததும் காரணம் என்றார்கள். நம் அரசுகளின் கவனம் சிகிச்சை என்கிற பாதியிலேயே நின்றுவிடுகிறது.

தமிழ்நாடு அந்தப் பாதியை நன்றாகவே செய்கிறது. 2020-ல் நடந்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுவீடாக மாத்திரை கொண்டுபோனது. 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தது. ஆனாலும் அழுத்தத்தை ஏற்றிவிடும் உப்பு அப்படியேதான் இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியரின் சராசரி சுமார் 8 கிராம். சிப்ஸ் பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சிடுவது அவசியம்தான். ஆனால் நம் உப்பில் பெரும்பகுதி குழம்பிலும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் இருக்கிறது. அங்கே லேபிள் ஒட்ட முடியாது. உப்பையே மாற்ற வேண்டும்.

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் இதைச் சோதித்தார்கள். பக்கவாதம் வந்தவர்களும், ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களும் அதில் இருந்தனர். நான்கில் ஒரு பங்கு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்தன. முடிவு 2021-ல் வெளியானது. சோடியம் குறைந்த உப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அரசின் உப்பு நிறுவனமே 2014-ல் ‘அம்மா உப்பு’ வரிசையில் அதை விற்றது. அப்போது சாதாரண உப்பு கிலோ 10 ரூபாய். சோடியம் குறைந்தது 21 ரூபாய். நோய் தடுக்கும் பொருளுக்கு இரட்டிப்பு விலை என்றால் ஏழை எதை வாங்குவார்? பொட்டாசியம் இறக்குமதிப் பொருள், விலை கூடத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தை அரசு ஏற்கட்டும். இதயத்துக்கு அப்படியொன்றும் நண்பனல்லாத பாமாயிலையே மானிய விலையில் தருகிற ரேஷன் கடைக்கு இது பெரிய காரியமல்ல.

சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஆபத்து என்ற ஆட்சேபம் வலுவானது. சீன ஆய்வில் அத்தகைய பாதிப்பு கூடவில்லை. ஆனால் தீவிரச் சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவுமில்லை. சிறுநீரகத்தைப் பாதிக்கும் நீரிழிவு மலிந்த மாநிலத்தில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. எனவே கட்டாயம் வேண்டாம். சாதாரண உப்பும் கடையில் இருக்கட்டும். பாக்கெட்டின் முன்புறமே பெரிய எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். மாத்திரையோடு வீட்டுக்குப் போகும் பணியாளரே யாருக்கு இந்த உப்பு ஆகாது என்று சொல்லிவிடலாம். முதலில் ஓரிரு மாவட்டங்களில், சாதாரண உப்பின் விலைக்கே தந்து தொடங்கட்டும்.