நீங்க எந்த செட்டு?

தக்கலை பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். 'செட்' என்ற வார்த்தை நாலு தடவையாவது காதில் விழும். 'மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?' 'அப்பாவுக்குப் பல் செட் சரியாட்டுப் பொருந்தல்ல.' 'லே, அவனுக கூட செட்டு சேரப்பிடாது, கேட்டியா?'

வெள்ளைக்காரனுக்கே இது தலைவலிதான். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இரண்டாம் பதிப்பில், செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம்! பிற்பாடு 'ரன்' அதை முந்திவிட்டது. (கிரிக்கெட் ஜோக் அடிக்க ஆசை. அடக்கிக் கொள்கிறேன்.)

வேடிக்கை என்னவென்றால், இவை இரண்டு வார்த்தைகள். 'வை, பொருத்து' என்கிற செட் பழைய ஆங்கிலம். கூட்டத்தைச் சொல்கிற செட் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'செக்டா'வாக இருந்து, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலத்தில் 'பின்தொடர்தல்' என்று பொருள். உச்சரிப்பு ஒன்றாகிப் போனதால் இரண்டும் கலந்துவிட்டன. ஆக, 'செட்டு சேராதே' என்று கத்துகிற தக்கலை அப்பா லத்தீன் படிக்காமலே சரியாகச் சொல்லியிருக்கிறார். கண்டவன் பின்னால் போகாதே என்பதுதானே அது!

கணக்குப் புத்தகத்தில் செட்டுக்குப் பெயர் கணம். நம்ம பிள்ளையாரே கணபதி, ஒரு செட்டுக்குத் தலைவர்தான். உறுப்பினரே இல்லாவிட்டால் வெற்றுக் கணம். தேர்தல் முடிந்ததும் சில கட்சி ஆபீஸ்களில் இதை நேரிலேயே பார்க்கலாம்.

குமரி மாவட்டத்தில் இன்னொரு செட்டும் உண்டு. செட்டு முண்டு. இடுப்புக்கு ஒன்று, மேலே நேரியது ஒன்று. இரண்டில் ஒன்று காணாமல் போனால் செட் போச்சு, வெறும் முண்டுதான் மிச்சம். சாமிகளிலும் செட் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஒன்றாகத்தான் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போவார்கள், ஒன்றாகத்தான் திரும்புவார்கள்.

சாமிகளுக்கு எல்லை கிடையாது. மனுஷர்களுக்கு வந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நாலு தாலுகாவும் ஒரு செட்டாகக் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் இந்தப் பக்கம் வந்தன. தக்கலை இருப்பது கல்குளத்தில், தப்பித்தது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள், கிடைத்த நாலையும்கூடப் பார்க்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் பெண் கொடுத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வேறு மாநிலத்துச் சம்பந்தி ஆனார்கள். அதற்காகக் கல்யாணங்கள் நிற்கவில்லை. இன்றைக்கும் களியக்காவிளை தாண்டி மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டில் கேட்பது ஒன்றுதான்.

'என்ன, செட்டாச்சா?'