எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நூறில் 27 பேர் கறுப்பின மக்கள். நாடாளுமன்றக் கீழவையில் அம்மாநிலத்துக்கு 7 இடங்கள். ஆனால் 2021இல் மாநில சட்டமன்றம் வரைந்த வரைபடத்தில், கறுப்பர் பெரும்பான்மையாக இருந்த தொகுதி ஒன்றே ஒன்றுதான்.

இதற்கு யாருடைய வாக்குரிமையையும் பறிக்க வேண்டியதில்லை. கறுப்பின மக்களில் ஒரு பகுதியை ஏழாவது தொகுதிக்குள் அடைத்தார்கள். மீதிப்பேரை வெள்ளையர் பெரும்பான்மைத் தொகுதிகளில் பிரித்துப் போட்டார்கள். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த 'பிளாக் பெல்ட்' பகுதியே துண்டானது. எல்லோரும் வாக்களிக்கலாம், வெல்லத்தான் முடியாது!

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு இந்த வரைபடம் முரணானது என்ற கீழ் நீதிமன்ற முடிவை 2023 ஜூனில் 5-4 என உறுதிசெய்தது. சட்டமன்றம் பணிந்ததா? இல்லை. இரண்டாவது தொகுதியில் கறுப்பர் பங்கைச் சுமார் 40 விழுக்காட்டோடு நிறுத்தி இன்னொரு வரைபடம் கொண்டுவந்தது. நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, தானே ஆள் நியமித்து வரையவைத்தது. இரண்டாவது தொகுதி மொபைல் நகரிலிருந்து மாண்ட்கோமரி வழியாக ஜார்ஜியா எல்லைவரை நீண்டது. கறுப்பர் ஏறத்தாழப் பாதியானார்கள். குடியரசுக் கட்சி வைத்திருந்த அந்த இடத்தில் 2024இல் ஜனநாயகக் கட்சியின் ஷொமாரி ஃபிகர்ஸ் வென்றார். யாரும் வீடு மாறவில்லை. கோடுதான் மாறியது.

அலபாமா அரசின் வாதம் என்ன தெரியுமா? நிறம் பாராமல் கணினி வரையும் வரைபடங்களே அளவுகோலாக வேண்டுமாம். இடஒதுக்கீடு என்றதும் 'இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?' என்பார்களே, அந்தக் குரல்தான் இது. ஊரையும் சேரியையும் பிரித்து வைத்துவிட்டு, கணக்கெடுக்கும்போது மட்டும் கண்ணை மூடச் சொல்வது நடுநிலை அல்ல, மோசடி.

1932இல் அண்ணல் அம்பேத்கர் வாதாடியதும் இதற்காகத்தான். ஒடுக்கப்பட்டவருக்கு இடம் கொடுத்தால் போதாது, அதை நிரப்பும் வாக்கு யாருடையது என்பதே கேள்வி என்றார். பூனா ஒப்பந்தம் இடங்களைக் கூட்டிக் கொடுத்து அந்த வாக்கைப் பறித்தது.

தொகுதி மறுவரையறை என்றால் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதோடு நம் விவாதம் நின்றுவிடுகிறது. ஓர் ஆய்வு மாணவனாக நான் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, கட்சிக்காரர்கள் மட்டும் அதைப் படிக்கும்படி விடாதீர்கள். நம் குடியிருப்புகள் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்று ஊர் ஊராகப் பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.