சிக்னலைத் தின்னும் கை

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனைத் தாண்டும் மின்சார ரயிலில் "ஹலோ... கேக்குதா?" என்ற குரல் கேட்காத நாளில்லை. திட்டு வாங்குவது எப்போதும் டவர்தான். போனைப் பிடித்திருக்கும் கைக்கும் அதில் பங்கு உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

மனித உடம்பில் பாதிக்கு மேல் உப்பு கலந்த தண்ணீர். அது ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். போதாததற்கு, வீணைத் தந்தியில் விரல் பட்டால் சுருதி மாறுவதுபோல, ஆன்டெனாவைக் கை மூடினால் அதன் அலைவரிசையும் நகர்ந்துவிடும். 2010 ஜூனில் வந்த ஐபோன் 4 இதில்தான் மாட்டிக்கொண்டது. இடது கீழ் ஓரத்தை மூடிப் பிடித்தால் சிக்னல் கோடுகள் சரிந்தன. 'அப்படிப் பிடிக்காதீர்கள்' என்ற சமாதானம் எடுபடாமல், கடைசியில் ஆப்பிள் இலவசமாக உறை கொடுத்தது.

சிக்னல் குறைந்தால் போன் சும்மா இருக்காது. டவருக்கு எட்டும்வரை சக்தியைக் கூட்டும். பேட்டரி கரையும். காதோடு ஒட்டியிருந்தால் தலை உறிஞ்சுவதும் கூடும். இந்த உறிஞ்சலுக்கு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்பது வரம்பு. *#07# அடித்தால் பல போன்களில் அந்த மாடலின் அளவு தெரியும். அதை அளக்க, பொம்மைத் தலைக்குள் திரவம் ஊற்றுகிறார்கள். சர்க்கரை, உப்பு, தண்ணீர் கலந்தும் அதைத் தயாரிப்பதுண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுப்போமே, கிட்டத்தட்ட அதே சரக்கு!

பெரும்பாலான போன்களில் ஆன்டெனாக்கள் மேல், கீழ் ஓரங்களில் இருக்கும். நடுவில் பிடித்தால் நல்லது. சிக்னல் மங்கும் இடத்தில் இயர்போன் இன்னும் நல்லது. ரயில் பெட்டியின் உலோகமும் சேர்ந்து மறைக்கிறதே என்று படிக்கட்டில் தொங்க வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, காதை மாற்றி வைத்துப் பார்க்கலாம்.