கிட்னி இறுக்கம்: ஸ்கேன் நம்பரை நம்பலாமா?

1/ கல்லீரலுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவங்க அடிக்கடி கேட்கிறாங்க: "டாக்டர், கிட்னிக்கும் அதே மாதிரி பார்த்துடலாமா?" என் கருத்து: இப்போதைக்கு அதை மட்டும் நம்பாதீங்க.

2/ தழும்பு கூடினால் உறுப்பு இறுகும். அந்த இறுக்கத்தைத்தான் எலாஸ்டோகிராஃபி கிலோபாஸ்கலில் அளக்குது. கல்லீரலின் உள்ளமைப்பு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால் அங்கே இது கைகொடுக்குது.

3/ கிட்னி அப்படியில்லை. உள்ளே நுண்குழாய்கள் வரிசையா ஒரே திசையில் ஓடும். ஸ்கேன் கருவியைப் பிடிக்கும் கோணம் மாறினா நம்பரும் மாறும். சிறுநீர் அடைச்சா இறுக்கம் கூடும். ரத்த ஓட்டம் குறைஞ்சா இறுக்கம் குறையும். அதாவது, தழும்பு இருந்தும் நம்பர் நல்லாவே வரலாம். ஆபத்தே அதுதான்.

4/ சுகர், பிபி இருக்கா? வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ரெண்டும் பாருங்க. செலவும் குறைவு.