எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் ஒரு படத்தைச் சிபாரிசு செய்தான். ''செம காமெடி ஸார்! ஆனா வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் பாருங்க.''

பார்த்தேன். ஆடம் சாண்ட்லரின் 'எய்ட் கிரேஸி நைட்ஸ்'. 2002-ல் வந்த பாட்டும் கூத்துமான கார்ட்டூன் படம். கார்ட்டூன்தானே என்று குழந்தைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் என் மானம் ஆவடி லோக்கல் ஏறிப் போயிருக்கும்!

பாட்டுக்கு நடுவே ஏப்பம், இன்ன பிற சப்தங்கள். ஒரு அப்பாவித் தாத்தாவை நடமாடும் கக்கூஸோடு சேர்த்து மலைச் சரிவில் உருட்டி விடுகிறான் ஹீரோ. அப்புறம் நடப்பதை எழுதினால் ஆசிரியர் வெட்டி விடுவார். ஹீரோ, தாத்தா, தாத்தாவின் சகோதரி... மூன்று பேருக்கும் சாண்ட்லரே குரல். அப்படி மிச்சம் பிடித்தும் 3 கோடியே 40 லட்சம் டாலர் செலவு. வசூல் அதில் முக்கால் பங்குகூட இல்லை.

கதை நடப்பது யூதர்களின் ஹனுக்கா சமயத்தில். நம் தீபாவளி மாதிரி அதுவும் விளக்குப் பண்டிகைதான். ஜெருசலேம் கோயிலில் ஒரு நாளைக்கு மட்டுமே இருந்த எண்ணெய், எட்டு நாள் நின்று எரிந்ததாம். அதனால் எட்டு ராத்திரி விளக்கு, எண்ணெய்ப் பலகாரம். (எங்கள் வீட்டு அதிசயம் நேர்மாறு. ஒரு மாசத்து எண்ணெய் ஒரே நாளில் காலி!)

ஹீரோவுக்கு மட்டும் பண்டிகை என்றாலே எரிச்சல். குடிக்கிறான். எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறான். சின்ன வயசில் ஒரு ஹனுக்கா ராத்திரி, அப்பா அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள். அழவே இல்லை, பயல். கடைசியில் ஷாப்பிங் மாலில் விளம்பரப் பொம்மைகளெல்லாம் உயிர் பெற்று வந்து அவனை அழச் சொல்கின்றன. பெற்றவர்கள் விட்டுப்போன வாழ்த்து அட்டையை அப்போதுதான் பிரிக்கிறான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்பா இறந்தது ஒரு புரட்டாசிக் கடைசியில். அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. அம்பத்தூர் ஒரகடத்தில் தெருவெல்லாம் சரவெடி. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. வீட்டில் இருக்க முடியாமல் எஸ்டேட் சிநேகிதர்களோடு புதுப்படத்துக்குப் போனேன். மட்டமான இரட்டை அர்த்த ஜோக்குக்கெல்லாம் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். விசில் வேறு! ''அப்பன் செத்து மாசம்கூட ஆகலை, பாரு'' என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

ராத்திரி திரும்பினால், வாசலில் எவர்சில்வர் தூக்குடன் பக்கத்து வீட்டு அக்கா.

''இந்த வருஷம் உங்க வீட்ல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்கல்ல தம்பி... அதான். அப்பாவுக்கு அதிரசம்னா உசிராச்சே.''

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். விழுங்க முடியவில்லை. சுடுகாட்டில் வராத அழுகை, அந்த வாசற்படியில் வந்தது.

தீபாவளியன்று உங்கள் தெருவிலும் ஒரு வாசல் இருட்டாக இருக்கலாம். அந்த வீட்டுப் பையன் எங்கேயாவது விசிலடித்துக்கொண்டிருப்பான். திட்டாதீர்கள். நாலு அதிரசம் கொடுத்தனுப்புங்கள்.

மறுநாள் ஆபீஸில் பையன் கேட்டான்: ''படம் எப்படி ஸார்?''

''மட்டம்ப்பா'' என்றேன். ''இன்னொரு தடவை பார்க்கணும்.''