இழுக்குமா என்பதல்ல கேள்வி

"அப்பா விட்டுட்டுப் போன எம்ஜிபி காடி வீட்ல சும்மா நிக்குது. சின்னதா ஒரு டிரெய்லர் மாட்டி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் சாமான் ஏத்திக்கிட்டுப் போகலாமா? காடி இழுக்குமா?"

செந்தூலில் இருந்து ஒரு நேயர் கேட்டது. வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் டிரெய்லரும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் பெரும்பாலும் கார்தான் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஆனால் ஆசையில் நியாயம் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் கார். பூட்டில் ஸ்பேர் டயர் போக ஒரு பெட்டி, ஒரு பை. அதற்குமேல் எதையாவது கொண்டுபோக வேண்டுமென்றால் பின்னால்தான் கட்டி இழுக்க வேண்டும்.

இழுக்குமா? தாராளமாக இழுக்கும். 1962-இல் வெளிவந்த எம்ஜிபியின் இன்ஜின் 1,798 சிசி. நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே சுமார் 149 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். இன்றைய மைவி 1.5 தருவது சுமார் 137. அதுவும் 4,000 சுற்றைத் தாண்டிய பிறகு. இழுவையில் தாத்தா பேரனுக்குச் சளைத்தவர் அல்ல.

நான் கேட்கும் கேள்வி வேறு. பின்னால் வருவதை யார் நிறுத்துவது?

செந்தூலில் ரயில்வே பட்டறைச் சங்கு கேட்டு வளர்ந்த வீடுகளில் இதற்குப் பதில் தெரியும். பட்டறை இப்போது பத்து காஜாவுக்குப் போய்விட்டாலும், அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். இழுப்பது இன்ஜினின் வேலை. நிற்பது ஒவ்வொரு பெட்டியின் வேலை. ரயில்வே உலகம் இதை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. முன்னால் இருந்த சில பெட்டிகளை முதலில் கொண்டுபோகலாம் என்று கழற்றினார்கள். பிரிந்த பெட்டிகளைத் தானாகப் பிடித்து நிறுத்தும் பிரேக் அந்த ரயிலில் இல்லை. அவை பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். பயணிகள் ரயிலில் எல்லாப் பெட்டிகளுக்கும் தானியங்கி பிரேக் கட்டாயம் என்ற பிரிட்டிஷ் சட்டம் அதே ஆண்டில் வந்தது.

சின்ன டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. அதன் பாரம் முழுவதையும் காரின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். எம்ஜிபியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது இரண்டு பேரும் ஒரு பெட்டியும்தான்.

கணக்குப் போடுவோம். அரை லிட்டர் போத்தல் 24 கொண்ட ஒரு கட்டு தண்ணீர் 12 கிலோ. இருபது கட்டு ஏற்றினால் 240. டிரெய்லர் ஒரு 100 கிலோ என்று வைத்தால் மொத்தம் 340 கிலோ. எம்ஜிபியின் எடை சுமார் 950 கிலோதான். பிரேக் இல்லாத டிரெய்லர், காரின் எடையில் பாதிக்கு மேலோ 750 கிலோவுக்கு மேலோ போகக்கூடாது என்பது பிரிட்டன் விதி. நம் கணக்கு அதற்குள் அடங்குகிறது. ஆனால் அறுபது வயது காருக்கு நான் அந்த எல்லை வரை போகமாட்டேன். பத்துக் கட்டோடு நிறுத்திக்கொண்டு இரண்டாவது நடை போகலாம். பத்துமலை என்ன, பக்கத்தில்தானே.

அங்கே மேடும் இல்லை. ஜாலான் ஈப்போ நெரிசலில் இன்ஜின் சூடு ஏறாமலும் கிளட்ச் தேயாமலும் பார்த்துக்கொண்டால் போதும். கவலை என்னவென்றால், டிரெய்லர் வாங்கியவர் பத்துமலையோடு நிற்பதில்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்கு காராக் நெடுஞ்சாலை, பிறகு கேமரன் மலை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். நம் தட்பவெப்பத்துக்கு அது போதாதா? எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் காலடியில் தரைவரை போய்விடும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். சாலையோரம் 'குனா கியர் ரெண்டா' என்ற பலகையைக் கண்டதும் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் 80-க்கு மேல் வேண்டாம். 110-இல் போகும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல், 80-இல் போவதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாரத்தைக் குறைப்பதைவிட வேகத்தைக் குறைப்பதில்தான் லாபம் அதிகம்.

அடுத்தது ஆட்டம். பாரம் டிரெய்லரின் பின்பக்கம் அதிகமானால், வேகத்தில் அது பாம்புபோல் நெளியத் தொடங்கும். எம்ஜிபி போன்ற குட்டைக் காரை அது சுலபமாக அசைத்துவிடும். கனமான சாமானை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கொக்கியின் மேல் அழுந்தும் எடை, மொத்த டிரெய்லர் எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்கட்டும்; 340 கிலோவுக்குச் சுமார் 20 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் தராசின் மேல் டிரெய்லரின் மூக்கை வைத்தாலே தெரிந்துவிடும். நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். எண்ணெயை மிதித்தால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்பவே நம்பாதீர்கள். காலை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

கொக்கியை எங்கே மாட்டுவது என்பதிலும் அவசரம் வேண்டாம். எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். மேலே பளபளவென்று சாயம் இருக்கும், அடியில் தகரம் அப்பளமாகியிருக்கும். பட்டறையில் தூக்கி, சுத்தியால் தட்டிப் பார்த்த பிறகுதான் போல்ட் போடச் சொல்ல வேண்டும். டிரெய்லரின் விளக்குகளையும் பழைய மின்கம்பியில் சேர்க்கும்போது சிக்னல் சிமிட்டும் வேகம் மாறும். பொருத்தமான ரிலே போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியும் அடங்கும். சும்மா கட்டி இழுக்கிற தள்ளுவண்டி என்று நினைத்துவிடாதீர்கள். டிரெய்லர் வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் வாசலில் பூச்செடி வைக்கத்தான் உதவும்.

அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் பின்னெடுப்பது தனிக் கலை. ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. பார்த்துச் சொல்ல ஒருவர் பின்னால் நிற்கட்டும், பிள்ளைகள் அல்ல.

ஆண்டில் பதினோரு மாதம் சும்மா நிற்கும் டிரெய்லரில் டயர் வெடிப்பு விட்டிருக்கும், பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கும். புறப்பட்டு 20 கிலோமீட்டர் போனதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதற்குமேல் ஓட்டாதீர்கள்.