விளக்கை அணைப்பது பழுதுபார்ப்பதாகாது

வடசென்னையில் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கடலை ஒட்டிச் செல்லும் சாலையில், துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் இடையே அங்குலம் அங்குலமாக நகர்ந்தே பழகிப்போன கார்க்காரருக்கு, பிரேக் போடுகையில் வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமித்து அடுத்த நகர்வுக்கு அதையே செலவிடும் ஹைபிரிட் வாகனம் ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டில் கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வடிவமும் நம் சந்தைக்கு வந்தபின் இந்த இனம் சாமான்யக் குடும்பங்களையும் எட்டத் தொடங்கிவிட்டது. வாங்கிய வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு விடாமல், சொந்தக் கையாலோ தெருமுனை மெக்கானிக்கின் கையாலோ ஒரு சிறு வேலையை முடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும், டேஷ்போர்டில் நான்கைந்து விளக்குகள் ஒருசேர எரிய, மனம் திடுக்கிட்டு நிற்பவர்களைக் குறித்தே இங்கே எழுதுகிறேன்.

வடசென்னைக்கு இயந்திர ஞானம் புதிதன்று. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்டாகி எண்ணூரில் வேரூன்றியது. 1955இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கியது. அந்தத் தொழிற்சாலைகளின் நிழலில் வளர்ந்த பட்டறைகளில், எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடக்கூடிய மனிதர்கள் உண்டு. ஆயினும் அவர்களுடைய செவிக்கு ஹைபிரிட் வாகனம் எதையும் சொல்வதில்லை. அது தன் நோயைக் குறியீட்டு எண்களாகக் கணினியில் எழுதிவைத்து விளக்கை மாத்திரம் ஏற்றிக் காட்டுகிறது.

ஒரே கோளாறு பல விளக்குகளை ஏற்றிவிடும் என்பதை முதலில் உணர வேண்டும். பிரேக் பேடு மாற்றும்போது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் மெல்லிய ஒயர் இழுபட்டால், ஏபிஎஸ் விளக்கோடு பிரேக் விளக்கும் சிலசமயம் ஹைபிரிட் எச்சரிக்கையும் சேர்ந்தே எரியக்கூடும். ஏனெனில் இவ்வண்டிகளில் மோட்டாரும் பிரேக்கும் ஒரே கணக்கில் இயங்குகின்றன. ஆகவே பெரிய பேட்டரியே போய்விட்டதென்று பதறுவதற்கு முன், கடைசியாகக் கை வைத்த இடத்துக்கே திரும்பிச் சென்று பார்ப்பது விவேகம். சிறிய 12 வோல்ட் பேட்டரியின் டெர்மினல் தளர்ந்திருந்தாலும் இத்தகைய கூட்டு எச்சரிக்கை தோன்றுவதுண்டு.

நம் பிரதேசத்துக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. பல ஹைபிரிட் கார்களில் பெரிய பேட்டரி பின்சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ அமைந்து, காருக்குள்ளிருக்கும் காற்றையே ஒரு சிறு ஜன்னல் வழியாக உறிஞ்சிக் குளிர்கிறது. கண்ணாடியை இறக்கிவைத்தே ஓட்டப்படும் வண்டிகளில், அனல்மின் நிலையத்துச் சாம்பலும் நிலக்கரித் தூளும் கடல் உப்பின் ஈரமும் கூடி அந்த வாயிலின் வடிகட்டியில் கரிய படலமாய்ப் படிந்துவிட்டால், காற்று குன்றி, பேட்டரி சூடேறி, விளக்கு எரிகிறது. அந்த ஜன்னலைத் துணிமூட்டையால் மறைக்காதிருப்பதும், வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்வதும் எவரும் செய்யக்கூடிய காரியங்கள்.

அதற்கு அப்பால் செல்லத் துணிபவர்கள் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்களைக் கண்டதும் நின்றுவிட வேண்டும். பழைய பிரியஸ் ஹைபிரிட் காரின் பேட்டரியே 200 வோல்ட்டைத் தாண்டுவது. அதிலிருந்து இன்வெர்ட்டர் உயர்த்தும் அழுத்தமோ 500 வோல்ட். பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பின்பும் கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டுமென்பதும், இன்சுலேஷன் கையுறையின்றித் தொடலாகாதென்பதும் உயிரைப் பற்றிய நியதிகள். அந்த பிளக்கைத் திரும்ப மாட்டுகையில் செருகி, கைப்பிடியை மடித்து, இறுதியாக அழுத்திப் பூட்ட வேண்டிய மூன்றாம் செய்கையை மறப்பவர் அநேகர். மறந்தால், அதனுள் உள்ள பாதுகாப்பு இணைப்பு சேராமல், வண்டி 'ரெடி' நிலைக்கு வரவே மறுத்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் விபரீதமானது, காரணம் அறியாமல் விளக்கை அணைக்கும் வழக்கம். "டெர்மினலைக் கழற்றி மாட்டு, எரர் போயிடும்" என்பது பட்டறைகளில் எளிதில் கிடைக்கும் ஆலோசனை. விளக்கு அணையத்தான் செய்யும். கூடவே கோளாறு நேர்ந்த கணத்தில் வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று கணினி பதிந்துவைத்த சாட்சியங்களும் பல வண்டிகளில் அழிந்துபோகும். வைத்தியர் வருமுன் நோயாளியின் காய்ச்சல் குறிப்பைக் கிழித்தெறிவதை ஒத்தது அது. மலிவு விலை ஸ்கேனர்களில் பலவும் எஞ்சினின் குறியீடுகளைப் படிக்குமேயன்றி, ஹைபிரிட் அமைப்பின் குறியீடுகளைப் படிப்பதில்லை.

இந்த அறியாமைக்கு மெக்கானிக்கை மட்டும் நோவது நியாயமாகாது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிட்டாமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென அமைத்த குழுவின் வரம்பிலும் வாகனங்கள் இடம்பெற்றன. உயர் மின்னழுத்தம் அபாயகரமானது, ஆதலால் அந்த ஞானம் எங்களிடமே இருக்கட்டும் என்பது நிறுவனங்களின் வாதம். வாரண்டி முடிந்த வண்டி எப்படியும் தெருவோரப் பட்டறைக்கு வரத்தான் போகிறது. அப்போது அபாயத்துக்கு உள்ளாகிறவன், எதைத் தொடக்கூடாதென்று எவரும் கற்பிக்காத அந்தப் பட்டறை இளைஞனே.

ஆகையால் நிறுவனங்கள் பழுதறியும் குறிப்புகளையும் கருவிகளையும் பட்டறைகள் தாங்கக்கூடிய விலையில் அளிக்கட்டும். தமிழக அரசு வடசென்னையின் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், பணியிலிருக்கும் மெக்கானிக்குகளுக்கென மாலை வகுப்பாக ஹைபிரிட் பயிற்சியைத் தொடங்கட்டும். கார் வைத்திருப்போரும், விளக்கு எரிந்தால் முதலில் குறியீட்டைப் படிக்கச் செய்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே அழிக்கச் சம்மதிக்கட்டும்.